மல்லாந்தால் மட்டும் மங்கல்

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கியவன் என் கொழுந்தன். எங்கள் குடும்ப ஒர்க்‌ஷாப்பில் நான் ஒரு போல்ட்டைக் கோணலாக ஏற்றிவிட்டேன். ஆயில் ஒழுகியது, அதை நான் மறுக்கவில்லை.

"கண்ணு போச்சு அண்ணி. மேசையில உக்காந்து பில் போடுங்க."

முறைக்குத்தான் தம்பி, வயதில் என்னைவிட மூத்தவன். பேச்சைப் பாருங்கள்! என் வீட்டுக்காரரோ பில் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்பானரையே மென்றிருப்பேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. குனிந்து இன்ஜினுக்குள் தலையை விட்டால் நட்டில் பொறித்த எண் வரை தெரிகிறது. அடியில் மல்லாந்தால் அதே கண்ணாடி, அதே விளக்கு, அதே தூரம். போல்ட்டின் திருகு மரை மட்டும் கலங்கிவிடுகிறது. கண் போயிருந்தால் குனிந்தாலும் போயிருக்க வேண்டாமா? விடுவேனா? நேரே கண் டாக்டரம்மாவிடம் போனேன்.

நாற்காலியில் உட்கார வைத்து, கையில் எழுத்து அட்டையைக் கொடுத்துச் சோதித்தார். "கடைசி வரி வரைக்கும் படிக்கிறீங்களே. இந்தக் கண்ணாடியே போதும்மா."

"நான் நாற்காலியில உக்காந்தா வேலை பாக்கறேன்?"

அவர் தடுப்பதற்குள் தரையில் மல்லாந்துவிட்டேன். வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், வெட்கப்பட்டால் பிழைப்பு நடக்குமா?

"அட்டைய என் மூஞ்சிக்கு மேல பிடிங்க."

சிரித்துக்கொண்டே மண்டியிட்டுப் பிடித்தார். கடைசி வரிகள் எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிப்பு நின்றது.

"கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸுக்கும் எடை இருக்கும்மா. குனிஞ்சா அது துளியூண்டு முன்னால வரும், கிட்ட இருக்கறது தெளியும். மல்லாந்தா பின்னால சாயும். சின்ன வயசுல கண்ணே சரிக்கட்டிக்கும், நம்ம வயசுல முடியாது."

"அப்ப படுத்துப் பாக்கறதுக்குன்னு ஒண்ணு குடுங்க."

தரையில் படுத்தபடியே லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்து, கொஞ்சம் கூடுதல் பவரில் புதுக் கண்ணாடி வாங்கினேன்.

ஒர்க்‌ஷாப்பில் கொழுந்தன் ஒரு வேனுக்கு அடியில் முனகிக்கொண்டிருந்தான். கண்ணாடியை மாட்டி, என் சக்கரப் பலகையில் மல்லாந்து அவன் பக்கத்தில் உருண்டேன். மரை ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. அவன் திருகிய போல்ட்டும்தான்.

"தம்பி, கோணலா ஏறுது. கழட்டுங்க."

அவன் கை நின்றது. பிறகு மெதுவாக, "எனக்கும் கொஞ்ச நாளா இப்படித்தான் அண்ணி... அந்தக் கண்ணாடிய ஒரு தடவ குடுங்களேன்," என்றான்.

பாவமாகத்தான் இருந்தது. கழற்றிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவன், "அடேயப்பா!" என்றான்.

கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு ஸ்பானருக்குக் கை நீட்டினேன்.

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போய்த் தரையில படுங்க. அதுவரைக்கும் மேசையில உக்காந்து பில் போடுங்க, தம்பி."