வீக்கம் இல்லை

"வீக்கம், ரத்தக் கசிவு ஏதாவது?" டாக்டர் கேட்டார்.

இன்றாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சலூன்காரர் வந்திருந்தார். பக்கத்தில் மனைவி.

"இல்லீங்க."

"என் கை ராசி டாக்டர்," என்றாள் அவள்.

சலூன்காரருக்கு ஹீமோபிலியா, ரத்தம் உறையாது. வாரம் மூன்று முறை அவள் ரத்தம் உறையவைக்கும் ஊசி போட்ட காலத்தில் நாள் முழுக்க நின்று முடி வெட்டினார். அப்போது ஒருமுறை உள்ளே ரத்தம் கசிந்து முழங்கால் வீங்கியது. நரம்பைத் தவறவிட்டது தன் கைதான் என்று சாப்பிடாமல் அழுதாள். அதன்பின் வந்த வீக்கங்களை அவர் பேன்டுக்குள் மறைத்துக்கொண்டார். மருந்து தட்டுப்பாடான ஆஸ்பத்திரி; கசிவில்லாதவருக்குக் குறைத்து, கசிகிறவருக்குக் கொடுப்பார்கள். அவர் சொல்லை நம்பி மூன்றை இரண்டாக்கினார்கள், இரண்டை ஒன்றாக்கினார்கள். இப்போது ஊசிக்கு மறுநாள் மட்டும் ஒழுங்காக நடக்கிறார். மற்ற நாட்களில் வாடிக்கையாளரின் நாற்காலியில் சாய்ந்தபடியே வெட்டுகிறார். "என்னண்ணே, என் தலையிலயே தூங்கிட்டீங்களா?" என்பார்கள். சிரித்துவைப்பார்.

"அப்போ வாராவாரம் வேணாம். கசிஞ்சா மட்டும் வாங்க," என்றார் டாக்டர்.

சலூன்காரர் தலையாட்டினார். எழுந்திருக்கக் கைகளை ஊன்றினார். முழங்கால் நிமிரவில்லை.

"என்ன, இந்த நாற்காலிக்கும் ஷேவிங் பண்ணிட்டுத்தான் வருவீங்களா?" என்று சிரித்தாள் மனைவி.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பு நின்றது. குனிந்து பேன்டைச் சுருட்டினாள். முழங்காலுக்குக் கீழேயே துணி இறுகிக்கொண்டது.

"எப்போலேருந்து?"

"மூணு ஊசி இருந்தப்ப எப்பவாவது. ரெண்டானதும் அடிக்கடி. இப்போ..."

டாக்டர் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. "இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. மறுபடி மூணு ஊசிக்கு எழுதுறேன். ஆனா தேஞ்ச மூட்டு தேஞ்சதுதான்."

"நின்னு வேல பாக்கலாமா?" என்று கேட்டார் சலூன்காரர்.

டாக்டர் பேனாவை மூடினார்.

நர்ஸ் மருந்தைக் கலந்து, வழக்கம்போல் ஊசியை மனைவியிடம் நீட்டினாள். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே போடும்மா," என்று சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

"எத்தனை தடவ ஊசிய எடுத்ததும் 'வலிக்கல'ன்னீங்க," என்றாள். "அதுவும் பொய்தானா?"

நீட்டிய கை அப்படியே இருந்தது.