மூன்றாம் சரணத்தில் விட்டுப்போனவள்

ஜாவாவின் சோலோ நகரத்துக் கல்யாணத்தில் அழுகைப் பாட்டு இல்லாவிட்டால், நம் ஊரில் மேளமில்லாமல் தாலி கட்டின மாதிரி. மேடையில் விருந்தாளி ஒருவர் ஏறி நெஞ்சு வெடிக்கப் பாட வேண்டும். கீழே ஊரே இடுப்பை ஒடித்து ஆட வேண்டும்.

ஹர்ஸோனோ அதில் ஊறிய மனிதர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலில் மயங்கியே வண்டியைக் கோட்டைவிட்டவர்கள் லட்சம் பேர் தேறுவார்கள். அப்பேர்ப்பட்டவருக்குத் தையல்காரி வினார்தி முன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளைப் பார்க்க வேண்டியே வாராவாரம் சட்டைப் பொத்தான் அறுந்துபோகும். ஜாவாத் தீவிலேயே அத்தனை பொத்தான் அறுந்த சட்டை வேறு கிடையாது.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில், தானே கட்டிய பாட்டால் மனதைச் சொல்லிவிடத் துணிந்தார். அவள் சிரித்தால் இன்றே பெண் கேட்பது; முகம் சுளித்தால் இனிப் பொத்தானைத் தானே தைத்துக்கொள்வது.

மைக்கைப் பிடித்தார். இரண்டு சரணம் உருகிவிட்டு மூன்றாவதை எடுத்தார்.

“மழையில் நனைந்தேன், நீ குடைக்குள் இருந்தாய்;
சோறு வடித்தேன், நீ பசியில்லை என்றாய்;
விட்டுப் போனாயே, வினார்தி, விட்டுப் போனாயே!”

பந்தலே ஆடியது. அழுத கண்ணீரில் அடுப்பு அணைந்து குச்சியில் கோத்துச் சுட்ட சாத்தே இறைச்சி பாதி வெந்து நின்றது. பக்கத்து நாற்காலிக்காரி வினார்தியை முறைத்தாள்.

“அடிப்பாவி! இந்தத் தங்கமான மனுஷனை விட்டுட்டா போனே?”

“நான் எங்கடி போனேன்? காலைலேர்ந்து இங்கதானே குந்தியிருக்கேன்!”

அப்போதுதான் ஹர்ஸோனோவுக்கு உறைத்தது. மூன்றாம் சரணத்தில் காதலி ஓடிப்போவது இந்தப் பாட்டுகளின் வழக்கம். பழக்கதோஷத்தில், இன்னும் கேட்கவே கேட்காத பெண்ணை ஓடவிட்டுவிட்டார்!

வினார்தி விறுவிறுவென்று மேடையேறினாள்.

“பாக் ஹர்ஸோனோ,” என்று மரியாதை குறையாமலே கூப்பிட்டாள். “நில்லுங்க. நனையறதும் நீங்க, வடிக்கிறதும் நீங்க, அழுவுறதும் நீங்க. அப்ப நான் என்ன, தெருவிளக்குக் கம்பமா?”

“பாட்டுன்னா அப்படித்தாங்க, இபு வினார்தி,” என்று அவரும் மரியாதையாகவே சொன்னார். “ ஒருத்தர் உருகணும், ஒருத்தர் கல்லா நிக்கணும். இல்லேன்னா சனங்க ஆட மாட்டாங்க.”

“அதையும் பார்த்துடுவோம். தம்பி, அதே மெட்டு வாசி!”

கீபோர்டு கிளம்பியது. தொண்டை கரகரத்தாலும் அவள் விடவில்லை.

“வேணுமென்றே பொத்தானை நீ அறுத்தாய், தெரிந்தும் தைத்தேன்;
கெட்டி நூலை ஒளித்துவைத்து,
இத்துப்போன நூலால் தைத்தேன்!”

மணப்பெண்ணே கொண்டை அவிழ ஆட இறங்கினாள். அப்புறம் யார் நிற்பார்கள்!

ஹர்ஸோனோவின் முகம் காது வரை சிவந்தது. “கேட்டுடட்டுமா?” என்றார்.

“கேளுங்க. பாட்டா மட்டும் வேண்டாம்.”

அவர் நிமிர்ந்து நின்றார். பழைய குரல் எழுந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஹர்ஸோனோ, வினார்தியைப் பெண் கேட்டு வந்துகொண்டிருக்கிறார்!”

“ரொம்பத் தாமதமான வண்டி,” என்று மைக்கிலேயே சொன்னாள் வினார்தி. “பரவால்ல, ஏறிக்கிறேன்.”