பாதி முகமும் ஒரு கட்டைவிரலும்

காவலாளியின் வலது கட்டைவிரல் சுவரிலிருந்த மஞ்சள் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தால் போச்சு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஓவியப் பாதுகாப்பு அறைக்குள் தீயணைக்கும் வாயு இறங்காது. இறங்கினால் தீ அணையும், உள்ளே மூச்சுவிடுகிற ஆளும் கூடவே அணைந்துபோவார். அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் அவருக்குச் சீருடையே கொடுத்தார்கள்.

கதவின் அடியில் புகை கசிந்தது. கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

தூசி சேரக் கூடாதென்று எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, காலில் துணியுறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். நீலப் பட்டை, குதிகால் தேய்ந்த செருப்பு. யாருடையது என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். அவர் மனைவியும் மனைவியின் தங்கையும் சேர்ந்து போய் ஒரே மாதிரி வாங்கியது.

அந்தத் தங்கைக்கு இந்த அறைக்குள்தான் வேலை. மண்ணுக்குள் நொறுங்கிக் கிடந்து கிடைத்த பழங்காலச் சுவரோவியத் துண்டுகளை மணல் தட்டில் பரப்பி, எதோடு எது சேரும் என்று பார்த்துப் பார்த்து வைப்பாள். அவள் நிதானத்துக்கு 'நத்தை' என்று பட்டம் வைத்ததே இவர்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் சொந்தக்காரர்கள் நடுவில், "உடைஞ்ச சுவத்துக் காரையப் பொறுக்குறதுக்குச் சம்பளம் வேற" என்று சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அவள் இவரிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

கைப்பிடி கதவின் அந்த ஓரத்தில் இருந்தது. கை எட்டவில்லை. கால் எட்டியது. பூட்ஸ் காலால் உதைத்தார்.

"நத்தை, வெளிய வா. உள்ள இருக்கியா?"

பதில் இல்லை. அபாயச் சங்கு அலறுகிற அலறலில் பதில் வந்தாலும் காதில் விழாது. இடது கையிலிருந்த வாக்கிடாக்கியில் மேற்பார்வையாளர் கத்தினார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு. உள்ள யாரும் இல்ல. பொத்தான விடுய்யா."

"செருப்பு கிடக்கு சார்."

"ஒரு ஜோடிச் செருப்புக்காகக் கட்டடத்தையே எரிக்கப் போறியா?"

மனைவியிடம் போய் என்ன சொல்வது? உன் தங்கச்சி உள்ளே இருந்தாள், நான்தான் கையை எடுத்தேன் என்றா? மறுபடியும் உதைத்தார். புகை இப்போது முழங்கால் வரை வந்திருந்தது, கண் எரிந்தது.

"கடைசியாச் சொல்றேன், விடு. மேல் மாடிக்குத் தீ ஏறுச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

சில நாள் அவள் செருப்பை இங்கேயே போட்டுவிட்டுத் துணியுறையோடேயே கேன்டீனுக்குப் போய்விடுவாள். அதை இவரே கண்ணால் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் அப்படித்தான் போயிருப்பாளோ? இருக்கும், அப்படித்தான் இருக்கும். கட்டைவிரல் தளர்ந்தது. பொத்தான் விரலை மெல்ல வெளியே தள்ளியது. கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

அப்போது உள்ளே, கதவை ஒட்டி, சங்கையும் மீறிச் சக்கரம் கிறீச்சிட்டது.

உயிரே போனதுபோல் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. வாயில் துணி கட்டிக்கொண்டு அவள் நின்றாள், பின்னால் தள்ளுவண்டி, அதன்மேல் மணல் தட்டு.

"அத விட்டுட்டு ஓடி வா."

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். விளிம்பு வரை பால் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கி வருகிறவளைப் போல வண்டியை அங்குலம் அங்குலமாக இழுத்தாள். இருமல் வந்தபோது நின்று, வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, இருமி முடித்தபின் மறுபடி பிடித்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வாசற்படியில் சக்கரத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். பிறகு கதவை இழுத்து மூடினாள்.

"இப்ப விடுங்க."

விட்டார். உள்ளே வாயு இரைந்துகொண்டு இறங்கியது. சுவர் அதிர்ந்தது. இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தட்டில் ஒரு பெண்ணின் பாதி முகம் இருந்தது. ஒரு கண், உதட்டின் ஓரம், அதற்குக் கீழே நாலு எழுத்து. மிச்சம் உலகத்தில் எங்குமே இல்லை. பசை வைக்காத துண்டுகள், ஒன்றுகூட நகரவில்லை.

"இந்தக் காரைக்காகச் செத்துத் தொலைஞ்சிருப்பியே. அறிவிருக்கா உனக்கு?" அவர் குரல் உடைந்தது.

அவள் வாய்த்துணியை அவிழ்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க கதவ உதைக்கிறது கேட்டுச்சு அத்தான். நீங்கதான் நிக்கிறீங்கன்னு தெரிஞ்சதும் பயம் போயிருச்சு. என்ன ஆனாலும் நீங்க கைய எடுக்க மாட்டீங்கல்ல? அதான் மெதுவா வந்தேன்."

அவர் கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கி ஒளித்துக்கொண்டார்.