பதினேழாம் கட்டில்

என் முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. அடித்தது யார் என்று காவல் நிலையத்தில் கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டேன். நன்றாகத் தெரியும். அன்றைக்கு விழுந்த அத்தனை அடிகளிலும் சரியான ஆளுக்கு விழுந்தது அது ஒன்றுதான்.

நான் தாமரைச்செல்வி. புதுச்சேரியின் வட ஓரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் மேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு. கல்லூரி வாசலில் நுழைந்ததும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்க எழுத்தில் 'எங்கள் இலட்சியம்' தொங்கும். கற்பிப்போம், குணப்படுத்துவோம், ஆராய்வோம் என்று எழுதியிருக்கும். இது மூன்றுக்கும் நோயாளி வேண்டும். எங்களிடம் கட்டில்கள் மட்டும்தான் இருந்தன.

அதனால் கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் ஆய்வுக் குழு வரும் நாளில் ஆள் பிடித்து வருவார்கள். அது கொளஞ்சியின் வேலை. பெரிய மார்க்கெட்டுக்கும் தட்டாஞ்சாவடிக்கும் வேனை விட்டு, கூலிக்காரர்களை ஏற்றி வந்து கட்டில்களில் படுக்க வைப்பான். ஒரு நாள் கூலியும் மத்தியானம் பிரியாணியும் உண்டு. யாருக்கு என்ன நோய், எத்தனை நாளாக என்று பழைய தேதி போட்டு கேஸ் ஷீட் எழுதுவது எங்களைப் போன்ற மாணவர்கள். வெட்கமாக இருந்ததா என்றால், முதல் வருடம் இருந்தது.

அன்றைய ஆய்வு, நூற்றைம்பது எம்.பி.பி.எஸ். இடங்களை இருநூற்றைம்பது ஆக்குவதற்கு. டீன் ஹரிகிருஷ்ணன் காலை ஆறரைக்கே எங்களை வரிசையில் நிறுத்தி, கல்லூரியின் எதிர்காலம் உங்கள் கையில் இருக்கிறது என்றார்.

பதினேழாம் கட்டிலில் பலராமன் படுத்திருந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். தோள் இரண்டும் காய்ப்புக் காய்த்துக் கிடந்தன. மூன்று நாளாக நெஞ்சு வலி, சிகிச்சையில் முன்னேற்றம் என்று அவருக்கு எழுதினேன். பிறகு நடிப்புச் சொல்லிக்கொடுத்தேன். கையை இடது பக்கம் வைக்க வேண்டும், நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேண்டும், தோள் வரைக்கும் இழுக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை சிரித்துவிட்டார். மூன்றாம் முறை சரியாகச் சொன்னார்.

குழு பத்தரைக்கு வந்தது. பலராமன் அருமையாகச் செய்தார். நெற்றியில் வியர்வைகூட இருந்தது. குழுத் தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த வார்டுக்கு நகர்ந்தார்.

அவர்கள் போனதும் பலராமன் என் கையைப் பிடித்தார்.

"டாக்டரம்மா, நெஞ்ச யாரோ அழுத்துற மாதிரி கீது. தோளு வரைக்கும் இழுக்குது."

நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போதும்ணா, அவங்க போயிட்டாங்க என்று சொல்லிவிட்டு, குழுவின் பின்னால் ஓடினேன். நெஞ்சு வலியைக் கண்டுபிடிக்கத்தான் நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இருபது நிமிடம் கழித்து அவர் கட்டிலிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய் தரையில் கிடந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து நெஞ்சை அழுத்தினேன். நான்காவது அழுத்தலில் என் உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்பு முறிந்தது. அப்புறம் இன்னொன்று. ஷாக் கொடுக்கும் மெஷினைக் கேட்டேன். ஆய்வுக்காக முதல் நாள் வந்தது, தெர்மாகோலைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்தால் சார்ஜ் இல்லை. ஆத்திரத்தில் அவர் நெஞ்சில் முஷ்டியால் குத்தினேன். வாயிலிருந்து ரத்தம் வழிந்து என் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. நாற்பது நிமிடம் அழுத்தினேன், அவர் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர்கள் போன் போட்டுச் சொல்ல, மதியத்துக்குள் மார்க்கெட் ஆட்கள் லோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். கையில் மூட்டைக் கொக்கி. வாட்ச்மேனின் மண்டை முதலில் பிளந்தது. குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி ஜன்னல்களை உடைத்தார்கள். இலட்சியப் பலகையில் நாற்காலி விழுந்து, கண்ணாடி வராந்தா முழுக்கச் சிதறியது. கொளஞ்சியை மாடிப்படியில் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் அவன் முகம் மோதியது. என்னோடு படிக்கும் விக்ரமின் உள்ளங்கையில் கொக்கி ஏறி மறுபுறம் வந்தது. அவன் ஒரு பாவமும் அறியாதவன், அன்றைக்கு விடுப்பு எடுக்காததைத் தவிர.

டீன் என்னைத் தன் அறைக்குள் இழுத்துப் பூட்டிக்கொண்டார். வெளியே கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் கையில் நான் எழுதிய கேஸ் ஷீட் இருந்தது.

"மூணு நாள் வைத்தியம் பாத்தோம், மாரடைப்பு, காப்பாத்த முடியல. எல்லாம் நீயே எழுதியிருக்க. போலீஸ் வந்ததும் இதைக் குடுத்துடு. அவங்க கத்துறத யாரு கேக்கப்போறா? காகிதம்தான் பேசும்."

மேற்படிப்பை முடிக்கணுமா வேண்டாமா என்றும் கேட்டார். முடிக்கணும். வேலை பார்த்த மில் மூடிய பிறகு என் அப்பா தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டித்தான் என்னை இதுவரை கொண்டுவந்தார். ஷீட்டை வாங்கி மடித்தேன்.

போலீஸ் வந்து கூட்டத்தைக் கொஞ்சம் விலக்கியதும் டீன் கதவைத் திறந்தார். முன்னால் செல்வாம்பாள் நின்றாள், பலராமனின் மனைவி. மார்க்கெட்டில் பூ கட்டி விற்பவள். புடவையில் அவர் ரத்தம். மூன்று நாளாக உள்நோயாளி, ஆவணம் இருக்கிறது என்று டீன் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"காலையில என் பூக்கூடைய எறக்கி வெச்சிட்டுத்தான வேன் ஏறுனாரு. மூணு நாளுன்னு எழுதிக்கீறியா?"

ஷீட்டை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினால் பிழைத்தேன். அவள் கையில் வைத்தேன்.

"அக்கா, அது பொய்யா எழுதுனது. இன்னைக்குத்தான் வந்தாரு. நெஞ்சு வலின்னு சொல்லச் சொல்லிக்குடுத்ததே நான்தான். நெசமா வலிச்சப்பவும் அதையேதான் சொன்னாரு. நடிக்கிறாருன்னு விட்டுட்டுப் போயிட்டேன்."

டீன் என் பெயரைச் சொல்லி அதட்டினார். யாரோ அவரை அடித்தார்கள், சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

செல்வாம்பாள் ஷீட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எப்பிடிச் சொல்லிக்குடுத்த? செஞ்சு காட்டு."

கையை இடது பக்கம் வைத்தேன். நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றேன். தோள் வரைக்கும் இழுக்கிறது என்றேன்.

அவள் முஷ்டி என் வாயில் இறங்கியது. பற்கள் இரண்டும் நாக்கில் விழுந்தன.

"நம்புற மாதிரி சொல்லு."

வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, கையை இடது பக்கம் வைத்து மறுபடியும் சொன்னேன்.