கம்பியில்லா மௌஸும் வீராசாமியும்

கோதண்டத்தின் பிரௌசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள். நாலாம் நம்பரில் மட்டும் கம்பியில்லாத மௌஸ். போன வருடம், 2003-ல், பெருமைக்காக வாங்கிப் போட்டது. சுடுகிற ஆட்டத்தில் பட்டனை அமுக்கினால் துப்பாக்கி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வெடிக்கும். அதற்குள் எதிரி கடந்து போயிருப்பான்.

வீராசாமிக்கு அந்த இடம்தான் கிடைத்தது. கட்டட வேலை முடித்து சிமென்ட் தூசியோடு வருகிறவனுக்கு நல்ல நாற்காலியை யார் விட்டுக்கொடுப்பார்கள்? ஆனாலும் தினமும் ஜெயித்தது அவன்தான்.

"எப்படிடா?" என்றான் பரத்வாஜ். மலைக்கோயில் மடைப்பள்ளிக்காரர் மகன், இன்ஜினியரிங் படிக்கிறவன்.

"சாரத்து மேல நிக்கிறவன் கைய நீட்டுனப்புறமா செங்கல்லத் தூக்கிப் போடுவாங்க? அவன் திரும்பறப்பவே போட்டுறணும். கல்லும் கையும் ஒண்ணாப் போய்ச் சேரும். இங்கயும் அதான். ஆளு வர்றதுக்கு முன்னியே அமுக்கிடுவேன்."

கோதண்டம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கெழம அரக்கோணத்துப் பசங்க மேட்ச்சுக்கு வர்றானுங்க. ஜெயிச்சுக் குடு வீரா, சென்டர நீயே பாத்துக்க. மாசச் சம்பளம்."

வீராசாமி அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சம்பளம். அவன் வம்சத்தில் எவனும் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலாம் நம்பரில் புத்தம்புது மௌஸ், கம்பியோடு இருந்தது.

"பழசே இருக்கட்டும்ண்ணா."

"இன்னாபா நீ? வெளியூர்க்காரன் எதிர்ல ஓட்ட மௌஸ வச்சிகினு உக்காந்தா என் மானம் இன்னாவறது?"

"தாமதமே கிடையாதுடா," என்று முதுகில் தட்டினான் பரத்வாஜ். "அமுக்கின உடனே வெடிக்கும்."

வெடித்தது. குண்டு வெறும் சுவரில் போய்ப் பட்டது. அதற்கப்புறம்தான் எதிரி மூலையிலிருந்து எட்டிப் பார்த்தான்; குண்டு வந்த திசையைத் தெரிந்துகொண்டு நிதானமாகச் சுட்டான். வீராசாமி அடுத்த முறை பொறுத்துப் பார்த்தான். பொறுத்தது அதிகமாகிவிட்டது. ஒரு வருடம் பழகிய கை அரை மணி நேரத்தில் மாறுமா? இருபது தடவை செத்தான்.

அரக்கோணத்துப் பையன்கள் சிரித்துக்கொண்டே ரயிலுக்குப் போனார்கள்.

"புது மௌஸாலதாண்ணா..." என்று ஆரம்பித்தான் வீராசாமி.

"ஓட்ட மௌஸால தோத்தேன்னு சொல்றவன் உண்டு. நல்ல மௌஸால தோத்தேன்னு சொல்றவன இப்பத்தான் பாக்கறேன்," என்றார் கோதண்டம். "கொத்துவேலக் கை, இன்னா பண்றது."

சாவி பரத்வாஜ் கைக்குப் போனது. வீராசாமியை அவன் ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை. "காலேஜ் போய்ட்டு வந்து பாத்துக்கறேன் சார்," என்று வாங்கிக்கொண்டான்.

"போறப்ப அந்த இரும்பு பெஞ்சிய மாடியில ஏத்திட்டுப் போ வீரா. நீ ஒத்த ஆளே தூக்கிடுவ."

வீராசாமி குனிந்து தூக்கினான். தூக்கின அந்தக் கணமே பெஞ்சு எழுந்தது. அதில் தாமதம் ஒன்றுமில்லை.