வெள்ளை எழுத்தில் நோயல்

1

இந்தக் கதை அழிக்கப்பட்ட ஒரு பத்தியிலிருந்து வந்தது. அதை எழுதியவளும் அழித்தவளும் நான்தான். மனசு கேட்காமல் இப்போது கதையாக நீட்டிக்கொண்டிருப்பவளும் நான்தான். என் பெயர் சங்கமித்ரா. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கணினி வலையமைப்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். கதை எழுதிப் பழக்கமில்லை. ஆய்வுக்கட்டுரையில் முதல் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவோம். கதையில் அப்படிச் செய்தால் திட்டுவார்களாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: காக்ஸ் டவுனில் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, நோயல் தன் ஸ்கூட்டரை –

மழையே பெய்யவில்லை. விட்டுவிட்டேன்.

2

நோயல் எங்கள் கட்டடத்து எலக்ட்ரீஷியன். நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார், மற்ற நாட்களில் எங்கள் யுபிஎஸ் அறையில் பாடுவார். அவர் பேசும் தமிழில் பெங்களூர்க் கன்னடமும் கலந்திருக்கும்.

எங்கள் ஆராய்ச்சி சுலபமானதுதான். ஒரே தகவலை மூன்று கணினிகளில் வைப்போம். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் பேசி ஒத்துக்கொண்டால் தகவல் பிழைத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு சாவது அபூர்வம் என்பது எங்கள் கணக்கு. ஆனால் எங்கள் கூடத்தில் வாரத்துக்கு ஒரு முறை இரண்டு சேர்ந்தே செத்தன. எட்டு மாதம் நானும் நிருபமாவும் நிரலில் பிழை தேடினோம். (நிருபமா என்னோடு சேர்ந்து கட்டுரை எழுதியவள். என்னைவிட வேகமாக டைப் செய்வாள், என்னைவிட வேகமாகக் கோபப்படுவாள்.)

ஒருநாள் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த நோயல் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"இன்னா மேடம், யாருனா செத்துட்டாங்களா?"

"ரெண்டு மெஷின் செத்துடுச்சு, நோயல் அண்ணா. அதெப்படி ரெண்டும் சேர்ந்து போகும்?"

"ரெண்டும் ஒரே போர்டுல இருக்குதே. வோல்டேஜ் விழுந்தா சேர்ந்துதான விழும்? நீங்க தனித்தனி மெஷின்னு நெனக்கிறீங்க. கரண்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இதைச் சொல்லிவிட்டு அவர் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நாங்கள் நிரலை மூடிவிட்டு ஒயர்களைப் பார்க்கப் போனோம். பிரதிகளை எந்தெந்த இடத்தில் வைத்தால் சேர்ந்து சாகாது என்பதுதான் எங்கள் பன்னிரண்டு பக்கக் கட்டுரை. எந்த போர்டு எந்த நேரத்தில் விழுந்தது என்று இரண்டு வருடமாக அவர் எழுதிவைத்திருந்த நோட்டுதான் எங்கள் சான்று.

(ஓரக்குறிப்பு: அப்படியானால் அவரையும் ஆசிரியர்களில் ஒருவராகப் போட்டிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "ஐயோ, சும்னே எதுக்கு மேடம்? அப்புறம் அங்க யாருனா கேள்வி கேட்டா நானா பதில் சொல்றது? ஒரு தேங்க்ஸ் போட்டுடுங்க, போதும்" என்றார். அதை நான் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.)

3

கட்டுரையை அனுப்பவிருந்த மாநாட்டின் விதி இது: எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியக்கூடாது. அதனால் பெயர்களை எடுக்க வேண்டும், நன்றிப் பத்தியையும் எடுக்க வேண்டும். கட்டுரை தேறினால் இரண்டையும் திரும்பச் சேர்க்கலாம். தேறாவிட்டால் நன்றியும் போச்சு. பத்தில் எட்டு தேறாது.

கெடு, மாநாடு சொன்ன கடைசித் தேதி பூமியில் எங்காவது ஒரு மூலையில் மிச்சமிருக்கும் வரை. நம்மூர்க் கணக்கில் மறுநாள் சாயங்காலம் ஐந்தரை.

எனக்கு அந்தப் பத்தியை அழிக்க மனம் வரவில்லை. எழுத்தின் நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றினேன். பார்த்தால் வெற்றுத்தாள். மவுஸால் இழுத்தால் வரிகள் எழும்பும்.

ஐந்து மணிக்கு போர்டைப் பார்க்க வந்த நோயலைக் கூப்பிட்டு, பெருமையாக இழுத்துக் காட்டினேன். அவர் குனிந்து படித்தார்.

"இனிஷியல்கூட கரெக்டா போட்டிருக்கீங்க" என்றார்.

நிருபமாவும் பார்த்துவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு? கட்டுரைய மதிப்பிடுற ஏஐ-யை ஏமாத்துறவங்கதான் இப்பல்லாம் 'நல்ல மார்க் போடு'ன்னு வெள்ளை எழுத்துல ஒளிச்சு வைக்கிறாங்க. அதுக்குன்னே செக் பண்றாங்க. படிக்காமலே தூக்கிப் போட்டுடுவாங்க. ரெண்டு வருஷம்டி!"

4

(இந்த இடத்தில் கரண்ட் போகிறது. நோயல் நான்கு மாடிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்குகிறார். ஜெனரேட்டர் உறுமுகிறது. கெடு முடிய ஒரு நிமிடம் –)

நன்றாக இருக்கிறது, இல்லையா? நிருபமாவுக்கும் பிடித்தது. ஆனால் அன்று கரண்ட் போகவில்லை. முந்தின நாளே நோயல் பேட்டரிகளை மாற்றியிருந்தார். ஒழுங்காக வேலை செய்கிற மனிதரை வைத்துக் கதை எழுதுவதில் இதுதான் தொல்லை. எதுவுமே நடக்காது.

நடந்தது இவ்வளவுதான். என் விரல் அழிக்கும் பொத்தான்மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை.

"அழிச்சிடுங்க மேடம்" என்றார் நோயல்.

"இது தேறலன்னா உங்க பேரு எங்கயுமே வராது, அண்ணா."

"நான்தான் பாத்துட்டேனே."

அழித்தேன். நிருபமா அனுப்பினாள். மணி ஐந்து இருபத்திரண்டு. நோயல் அதுவரை நின்றிருந்தார்.

"ஆய்த்தா?" என்று கேட்டார்.

"ஆய்த்து."

டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். நான் அழுதேன். இரண்டு வருட உழைப்பைக் காப்பாற்றித் தந்தவர், தனக்கு வரவேண்டிய ஒரே வரியையும் தானே விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

5

முடிவு (அ): கட்டுரை தேறுகிறது. அச்சுப் பிரதியோடு நான் காக்ஸ் டவுனில் நோயல் வீட்டுக்குப் –

முடிவு (ஆ): தேறவில்லை. நோயல் என்னிடம், பரவாயில்ல மேடம், அடுத்த வருஷம் –

இரண்டையும் எழுதப்போவதில்லை. முடிவு வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

நேற்று ஒன்று உறைத்தது. அந்தப் பத்தி, அழிக்குமுன் சேமித்த என் பழைய கோப்பில் இருக்கிறது. இந்தக் கதையிலும் இருக்கப்போகிறது. இரண்டும் என்னிடம்தான். நான் விழுந்தால் சேர்ந்தே விழும். நோயல் பார்த்தால் சிரிப்பார்: ஒரே போர்டு.

நீங்கள் வேறு போர்டு. அதனால் மூன்றாவது பிரதியை உங்களிடம் அனுப்புகிறேன், கறுப்பு எழுத்திலேயே:

எஸ். நோயல் அவர்களுக்கு நன்றி. எங்கள் கணினிகள் ஏன் சேர்ந்து விழுகின்றன என்று முதலில் கண்டவர் அவர். அவருடைய நோட்டு இல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை.

தகவல் அனுப்பிய கணினி அடுத்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும். நானும் அதையே கேட்கிறேன்.

வந்து சேர்ந்ததா?