ரபேலின் இருமல்

அன்று காலை வீட்டில் இருமல் சத்தம் கேட்கவில்லை. அதனால்தான் பேட்ரிசியாவுக்கு முழிப்பு வந்தது.

படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. ரயில் ஒன்று பெக்கோக் ஸ்டேஷனில் நிற்காமல் ஊதிக்கொண்டு போனது. சமையலறைக் குழாய் வழக்கம்போல ஒழுகியது. எல்லாம் அதது இடத்தில் இருக்க, புருஷனின் இருமலை மட்டும் காணோம்.  மனிதர் போய்விட்டார் என்றே முடிவு கட்டி, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் நெஞ்சில் கையை வைத்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. ரபேல் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

“என்னாங்க... இருமலையே காணோமே?”

“ஆமா,” என்றார் ரபேல். “எங்க போச்சுன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அந்த இருமலை அறியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. ரபேல் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற கும்பலை மேய்க்கிற மண்டோராக இருந்தவர். பாதி ஆயுசு களைக்கொல்லி வாடையிலேயே போனது. அந்த மருந்து புல்லை மட்டும் கருக்கவில்லை, அவர் நெஞ்சையும் ஒரு கை பார்த்துவிட்டது. பழைய மோட்டார்சைக்கிளை உதைக்கிற மாதிரி இருமல் முதலில் அடியில் உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். கடைசியில் பிடித்துக்கொண்டு வெடிக்கும்போது ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அது முடியட்டும் என்று காத்திருப்பார். கிளினிக்கில் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்: நுரையீரல் கெட்டது கெட்டதுதான், முழுசாகத் திரும்பாது, ஆனால் வாயில் வைத்து மருந்தை இழுக்கிற பம்பை விடாமல் அடித்தால் காலம் தள்ளலாம்.

காலம் தள்ளுகிற கதையெல்லாம் பேட்ரிசியாவுக்கு ஒத்துவராது. அவளுக்கு உடனே நடக்க வேண்டும், நடந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் டப்பா, தண்ணீர் வடிகட்டி, இளைக்க வைக்கிற டீ என்று அவள் வாயால் விற்காத சாமான் ஜொகூரில் குறைவு. இப்போது காளான். குளுவாங்கில் சுகுமாறன் என்று ஒரு பையன், அவன்தான் அவளைச் சேர்த்துவிட்டவன். ஆள் சேர்த்து விற்கிற கம்பெனியில் டைமண்ட் என்று பட்டம் வாங்கியவன். கோட்டு போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் பேசுவான். நுரையீரலுக்கு, இழுப்புக்கு, நாட்பட்ட சளிக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு, எல்லாவற்றுக்கும் புலிப்பால் காளான். காட்டுக்குள் புலி குட்டிக்குப் பால் கொடுக்கும்போது சொட்டிய இடத்தில் முளைப்பது என்று காட்டு மக்கள் சொல்வார்களாம். மண்ணுக்கடியில் கிழங்கு மாதிரி கிடக்கும், தோண்டி எடுத்து உரசிக் குடிப்பார்களாம். இப்போது தட்டில் வளர்த்து, பொடியாக்கி, மாத்திரைக் கூட்டில் அடைத்தாயிற்று. டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் ‘உணவுத் துணைப்பொருள், மருந்து அல்ல’ என்று போட்டிருக்கும். சுகுமாறன் டப்பாவைத் தூக்கிக் காட்டும்போது அவன் கட்டைவிரல் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும்.

ரபேலுக்கு அந்தப் பெயரே ஆகவில்லை. காட்டோரத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் அந்த மிருகத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார்கள். கூப்பிட்டால் வந்துவிடும் என்று பயம். பேட்ரிசியாவோ காலையில் எழுந்ததும், “புலிப்பால முழுங்குனீங்களா?” என்று வீடு அதிரக் கேட்பாள்.

“பேரச் சொல்லாத பேட்ரி,” என்பார் அவர், இருமலுக்கு நடுவில்.

“ஆமா, வந்து ஒங்க எலும்ப நக்கப் போவுதாக்கும்!”

பம்பை நிறுத்தச் சொன்னதும் சுகுமாறன்தான். “அக்கா, பம்பையும் அடிச்சிக்கிட்டு இதையும் முழுங்குனா, எது வேல செஞ்சிச்சுன்னு எப்படி லா சொல்வீங்க? நமக்கு கிளீன் டெஸ்டிமோனி வேணும்.” அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லிப் பழகியவள் அவள். சாட்சி என்றால் கலப்படம் இருக்கக் கூடாது. ரபேல் மறு பேச்சில்லாமல் பம்பைக் கொடுத்துவிட்டார். அவளோடு வாதாடுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார், பாவம்.

ஆக, இருமல் நின்றது. பேட்ரிசியாவுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியின் அடுத்த கூட்டத்துக்கே புருஷனுக்குச் சலவைச் சட்டை மாட்டி, ரயிலேற்றிக் குளுவாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடை வரிசைக்கு மேல்மாடியில் ஹால். குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. மேடையேறி மைக்கைப் பிடித்தவள், எந்த இடத்தில் குரல் உடைய வேண்டுமோ அந்த இடத்தில் உடைந்து, எங்கே கண்ணைத் துடைக்க வேண்டுமோ அங்கே துடைத்து, ஜமாய்த்துவிட்டாள். எத்தனை தடவை புலி, புலி என்றாளோ, அவளுக்கே நினைவில்லை. கைதட்டல் ஓயவே இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணம்மா, பேட்ரிசியாவின் பழைய தோட்டத்துச் சிநேகிதி, தன் வறட்டு இருமலை முந்தானையில் அமுக்கிக்கொண்டு அங்கேயே டப்பா வாங்கினாள்.

“அண்ணே, நீங்க ஒரு வார்த்த!” என்று சுகுமாறன் மைக்கை ரபேலிடம் நீட்டினான்.

ரபேல் வாயைத் திறந்தார்.  சாத்தியிருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படிக்கட்டில், ஓர் இருமல் கேட்டது. அடியில் உறுமி, அடங்கி, மறுபடி உறுமி, வெடித்தது.

“பாத்தீங்களா, அடுத்த கஸ்டமர் வெளிய வெயிட் பண்றாரு!” என்றான் சுகுமாறன். ஹாலே சிரித்தது.

பேட்ரிசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்நாளெல்லாம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம் அவளுக்குத் தெரியாதா? புருஷனைப் பார்த்தாள். அவர் வாய் மூடியிருந்தது. தெரிந்தவர் யாரோ வாசலில் நிற்கிற மாதிரி அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற ரயிலில் அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “நம்ம கூடவே வருது.”

“எது?”

“பின் பெட்டியில ஒக்காந்திருக்கு.”

“சும்மா இருங்க லா!” என்று அதட்டினாள். ஆனால் பெக்கோக்கில் இறங்கியதும் பின் பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்க்காமல், அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதைத் தாண்டினால் செம்பனைதான், கண்ணுக்கெட்டிய மட்டும். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டாக இருக்கும். மறுநாள் சாயங்காலம் மழை விட்டு, பேட்ரிசியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்த மரங்களுக்குள்ளிருந்து இருமல் வந்தது.  காட்டு மிருகமும் அப்படித்தான் இருமும் என்று தோட்டத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். உள்ளே ஓடினாள்.

“பெரியவரா இருக்குமா?” அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் வாயில் அந்தச் சொல் வந்தது.

ரபேல் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “பெரியவரு வந்தா நாயி கட்டிலுக்கு அடியில ஓடிப்போயிரும். அங்க பாரு.”

பக்கத்து வீட்டு நாய் கால்வாய் ஓரத்தில் நின்றிருந்தது. ரபேலைக் கண்டால் குழைகிற நாய் அது. இப்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செம்பனையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“அது என்னோடதுதான்,” என்றார். “வெரட்டிட்ட. போக்கெடம் இல்லாம நிக்குது.”

“நின்னுட்டுப் போவட்டும். சனியன் விட்டுச்சுன்னு இருங்க.”

அவர் பதில் சொல்லுமுன் மூச்சு வாங்கிக்கொண்டார். “இருமி இருமித்தான் பேட்ரி மூச்ச இழுத்துக்கிட்டு இருந்தேன். இப்ப இழுக்க ஆளில்ல.”

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனார். கை சில்லிட்டிருந்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு மறந்துபோவார். நாலு வார்த்தை பேசுகிற இடத்தில் ஒன்று பேசினார், அதுவும் காற்றாக வந்தது. பகலெல்லாம் தூங்கி வழிந்தார். சட்டையைக் கழற்றினால் ஈர மண் வாடை. பேட்ரிசியா சுகுமாறனுக்குப் போன் போட்டாள்.

“அலமாக், அக்கா, இதுக்கா பயப்படுறீங்க? இதான் ஹீலிங் ரியாக்‌ஷன். உள்ள இருக்குற நஞ்செல்லாம் வெளியாவுது. மோசமாவற மாதிரி தெரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தம். டோஸ டபுள் ஆக்குங்க.”

அந்தப் பேச்சை அவளே எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறாள். தலை சுற்றுகிறதா, நல்லது. வயிறு போகிறதா, ரொம்ப நல்லது. சொல்லிச் சொல்லி அது அவளுக்கு வேதவாக்காகவே ஆகிப்போயிருந்தது. டோஸைக் கூட்டினாள். ரபேல் அவள் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகள் நிக்கோல் வீடியோவில் கூப்பிட்டாள். “மா, அப்பா ஒதடு ஏன் நீலமா இருக்கு?”

“லைட்டு அப்படி காட்டுதுடி.”

“பம்பு ஒழுங்கா அடிக்கிறாரா?”

“ம்,” என்றாள் பேட்ரிசியா. பெற்ற மகளிடம் வாய் கூசாமல் பொய் சொன்னோமே என்று போனை வைத்த பிறகு நெஞ்சு அறுத்தது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் கொடுத்த சாட்சியை எப்படித் திரும்ப வாங்குவது? அவள் வாயை நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேர்!

கிருஷ்ணம்மா கூப்பிட்டதும் அன்று மத்தியானம்தான். சந்தோஷத்தில் கத்தினாள். “பேட்ரி, எனக்கும் நின்னுருச்சுடி! சுத்தமா நின்னுருச்சு! கொஞ்சம் அசதியா இருக்கு, அவ்வளவுதான்.”

பேட்ரிசியா போனைக் காதில் வைத்தபடி ஜன்னலோரம் நின்றிருந்தாள். வாய், “நல்லதும்மா, நல்லது,” என்றது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ரபேலின் இருமல் அடியில் உறுமி அடங்கியது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று கேட்டது. சின்னச் சின்னதாக, வறட்டு இருமல், முந்தானையில் அமுக்கின மாதிரி.

 போன் கீழே விழுந்தது. அதை எடுக்காமல் பின்வாசலுக்கு ஓடினாள்.

ரபேல் வாசற்படிக்கு உள்ளே நாற்காலியில் சரிந்திருந்தார். மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உதடு கருநீலம். காதை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். எத்தனையோ வருஷமாக விசில் ஊதிக்கொண்டிருந்த நெஞ்சு அது. இப்போது பூட்டிப்போட்ட வீடாக இருந்தது.

“ஐயோ, என்னாங்க! என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க!”

அலமாரியைக் கவிழ்த்து பம்பைத் தேடி எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து போன வழியே புகையாக வெளியே வந்தது. உள்ளே இழுக்க அவரிடம் தெம்பில்லை. விழுந்த போனை எடுத்து வந்து ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டாள். சிகாமட்டிலிருந்து வர வேண்டும், வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். நிக்கோலுக்குக் கூப்பிட்டு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். “நாந்தான்டி நிறுத்துனேன். நாந்தான்டி.” மறுமுனையில் மகள் ஏதேதோ கத்தினாள். எதுவும் காதில் ஏறவில்லை.

ஏறியது ஒன்றுதான். கால்வாய்க்கு அப்பால் அது இருமிக்கொண்டிருந்தது. நல்ல பலத்தோடு, முழு மூச்சோடு, ரபேல் மண்டோராக நடந்த காலத்துத் தெம்போடு இருமியது.

பேட்ரிசியா பின்கதவை அகலத் திறந்தாள். வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது. மேடையில் பேசின குரல் எங்கேயோ ஓடிப்போய், கோழியை அடைக்கக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது.

“வா,” என்றாள். “உள்ள வந்துரு. தெரியாம வெரட்டிட்டேன். இனிமே ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். வா, சாமி.”

செம்பனைக்குள் சத்தம் நின்றது. நாய் எழுந்து ஒதுங்கி வழிவிட்டது. பிறகு இருமல் கால்வாய்க்கு இந்தப் பக்கம் கேட்டது. அப்புறம் குழாயடியில். அப்புறம் துணிக்கொடிக்குக் கீழே, காற்றில்லாமல் ஆடின அவருடைய சட்டைக்குப் பக்கத்தில். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது, முற்றத்தில் யாரும் இல்லை. ஈர மண் வாடை அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

ரபேல் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தை மட்டும் நிமிர்த்தி, நற்கருணை வாங்குகிறவரைப் போல நாக்கைக் கொஞ்சம் நீட்டி வாயைத் திறந்தார்.

உறுமியது. அடங்கியது. பேட்ரிசியா அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, “மாதாவே, மாதாவே,” என்றாள். மறுபடி உறுமியது. வெடித்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடியது. அந்த அசிங்கமான, அருமையான இருமல் வீடு முழுக்க நிறைந்தது. அவர் உடம்பு வில்லாக வளைந்து, கண்ணில் நீர் வழிய, கர்ரென்று காற்றை உள்ளே இழுத்தது. அவள் பம்பை அழுத்தினாள். இந்தத் தடவை மருந்து உள்ளே போனது. அவள் சிரித்தாளா, அழுதாளா, அவளுக்கே தெரியாது.

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கத் தொடங்கியது. பின்கதவைச் சாத்திவிட்டு முன்வாசல் பக்கம் போகலாம் என்று தாழ்ப்பாளில் கையை வைத்தாள்.

கால்வாய்க்கு இந்தக் கரையில் வறட்டு இருமல் ஒன்று கேட்டது. அதற்குப் பின்னால் வேறொன்று, கனத்த ஆண் குரலில். அதற்கும் பின்னால் பிஞ்சுக் குரலில் ஒன்று. யார் யாருக்கு விற்றோம் என்று அவள் மனம் ஒவ்வொரு வீடாக ஓடியது. செம்பனை மட்டைகள் உள்ளே வெகுதூரம் வரைக்கும் ஒவ்வொன்றாக அசைந்துகொண்டிருந்தன. நாய் மறுபடியும் வழிவிட்டு ஒதுங்கி, திறந்திருந்த கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.